குழிக் கதவுப் பிள்ளையார்

‘குழிக் கதவை ஒருமுறை திறந்து மூடவும்’ என்று கன்ட்ரோல் பெட்டியின் திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதே வரிதான். அந்த வரியை எழுதியவளே சத்யப்ரியாதான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

"மேடம், தெறந்து மூடிட்டேன்!" என்று மேடைக்கு அடியிலிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது.

"இன்னொரு தடவை அண்ணா."

"இன்னொரு தடவையா? காலைலருந்து இதத்தான செய்யுதேன். கதவுக் கீலு தேஞ்சிரும் போலுக்கே!"

கதவு கிரீச்சென்று திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தமும் கேட்டது. திரையில் எழுத்து மாறவில்லை. குழிக் கதவை ஒருமுறை திறந்து மூடவும்.

பாகலூர் தாண்டிப் பேரிகை போகிற ரோட்டில், ரோஜா பயிரிட்டுச் சம்பாதித்த கோவிந்தப்பன் கட்டிய மண்டபம் அது. முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் நாடகம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று இரண்டுக்கும் ஆகிற மாதிரி கட்டியிருந்தார். பெங்களூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையைப் பிளந்துகொண்டு புகை நடுவே எழுந்து வந்ததைப் பார்த்ததிலிருந்து, தன் மண்டபத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சிப்காட் கம்பெனிகளுக்குப் பொருள் நகர்த்தும் கன்வேயர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த பூபதி, "மேடைதானே சார், அதுவும் ஒரு கன்வேயர்தான்" என்று வேலையை வாங்கிவிட்டார். வாங்கிய வேலை, அவரிடம் வேலை பார்க்கும் சத்யப்ரியாவின் தலையில் இறங்கியது.

அவள் குறை வைக்கவில்லை. மேடையின் பெரிய படுதா மோட்டாரில் சத்தமில்லாமல் விலகும், சேரும். விளக்குகள் தொங்கும் நீளக் குழாய்கள் பொத்தானில் விரல் பட்டதும் இறங்கும், சொன்ன உயரத்தில் நிற்கும். இவை இன்று காலையிலும் ஒழுங்காகத்தான் ஓடின. அதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் வேண்டியது மேடை நடுவில் இருக்கும் அந்தச் சதுரம் மட்டும்தான். அது கீழே இறங்க வேண்டும். குழிக்குள் காத்திருக்கும் ஜோடியை ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். இன்று மாலை ஆறரைக்கு மண்டபத்தின் முதல் வரவேற்பு. அதுவோ காலையிலிருந்து மேடையோடு மேடையாக, இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

காரணம் கதவு. லிஃப்ட் இறங்கும் குழிக்கு மேடைக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். கதவு மூடியிருந்தால் காந்தம் சுவிட்சுக்கு அருகே வரும். அப்போதுதான் லிஃப்ட் அசையும். திறந்திருந்தால் அசையாது. உள்ளே யாராவது இருக்கலாம் அல்லவா? இந்த ஊரில் அது மட்டும் போதாது என்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். ஓசூர் கம்பெனிகளில் மெஷின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய, சட்டைப்பையில் ஒரு துண்டு காந்தம் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். சுவிட்சின் மேல் அதை ஒட்டிவிட்டால் மெஷின் ஏமாந்துபோகும். அதனால் ஒவ்வொரு நாளும் கரண்ட் போட்டதும், கதவை ஒருமுறை திறந்து மூடிக் காட்டினால்தான் லிஃப்ட் ஓடும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். யாராவது காந்தம் ஒட்டியிருந்தால் கதவு திறந்ததே மெஷினுக்குத் தெரியாது. அன்றைக்கு லிஃப்ட் ஓடாது.

இப்போது அதேதான் நடந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் யாரோ காந்தம் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது சுடலைமுத்துவின் மேல்தான். மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஆவதற்கு முன் அவர் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. காந்தம் எதாச்சும் வெச்சீங்களா?"

சுடலைமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், பிரஸ் ஷாப்ல வெச்சேன், இல்லங்கல. இங்க எதுக்கு வைக்கப் போறேன்? கதவ மூடச் சொன்னா மூடப் போறேன். எனக்கு என்ன புரொடக்ஷன் டார்கெட்டா இருக்கு?"

அதுவும் நியாயம்தான். சத்யப்ரியா கீழே போய் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாள். விடியற்காலையில் பூஜை போட்டிருந்தார்கள். நிலை முழுக்க சாமந்தி மாலை தொங்கியது, படியில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. பையிலிருந்த மாற்று சுவிட்சை மேலே மேசையில் வைத்துச் சோதித்தாள். ஒழுங்காக இருந்தது. கீழே கொண்டுவந்து நிலையில் மாட்டினாள். மறுபடியும் அதே கோளாறு. பழைய சுவிட்சை மேலே கொண்டுபோனாள். அது மேலே நன்றாக வேலை செய்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று வாசல்படியைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையைப் போல, இந்த நிலைக்கு வந்தால் மட்டும் எல்லாம் முரண்டு பிடித்தன.

போன் அடித்தது. பூபதி.

"என்னம்மா ஆச்சு? கோவிந்தப்பன் இதுக்குள்ள அஞ்சு வாட்டி கூப்ட்டுட்டாரு."

"பாத்துட்டிருக்கேன் சார். சுவிட்ச் இருக்கற எடத்துல என்னவோ இருக்கு. நான் அப்பவே சொன்னேன், சொந்தக் காந்தத்த மட்டும் அடையாளம் தெரிஞ்சிக்கிற சுவிட்ச் வாங்கலாம்னு. நீங்கதான் இதே போதும்னீங்க."

"இப்ப அதுவா பேச்சு? அந்தக் கதவு செக் பண்ற வரிய எடுத்துவுடு. ஃபங்ஷன் முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம்."

"சார்..."

"இங்க பாரு சத்யா. கோயம்புத்தூர் தியேட்டர் வேலைக்கு உன்னத்தான் இன்சார்ஜா போடறதா இருக்கேன். இன்னைக்கு இந்த லிஃப்ட்டு ஏறலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உன்ன அனுப்பறது? நவீன்குமார் ரெடியா இருக்கான். அவன் இருந்திருந்தா இந்நேரத்துக்கு ஓட்டிக் காட்டியிருப்பான்."

ஓட்டித்தான் காட்டியிருப்பான். கூட வேலை பார்க்கும் நவீன்குமாரின் பையில், சுவிட்சைச் சுற்றிக் குறுக்கே மாட்டிவிட எப்போதும் ஒரு ஜம்பர் ஒயர் இருக்கும். சத்யப்ரியா போனை வைத்தாள். மூன்று வருடமாக எல்லா வேலையிலும் ஒயர் இழுத்தவள் அவள், பேர் வாங்கியவர்கள் மற்றவர்கள். கோயம்புத்தூர் வேலையில் முழு மேடையும் தானியங்கி. முதல் போல்ட்டிலிருந்து கடைசிப் பொத்தான்வரை அவள் பொறுப்பு. அதை நினைத்துக்கொண்டுதான் இந்த மாதம் முழுக்கப் பாரூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள்.

மேடையில் வேறு கூத்து. பூ அலங்காரக்காரர்கள் ஆளுயரப் பூவளையத்தை விளக்குக் குழாயில் கட்டிவிட்டு, அதே கயிற்றைப் பக்கத்துக் குழாயிலும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, ரெண்டும் தனித்தனியா ஏறி எறங்கறது. சேத்துக் கட்டாதீங்க."

"கட்டலன்னா ஆடும் மேடம்."

"கட்டினா கிழியும் அண்ணா."

"கிழிஞ்சா வேற கட்டிக்கலாம் மேடம்" என்றார் அவர், ஏணியில் நின்றபடியே, மிகுந்த பொறுமையோடு.

இதற்கிடையில் யாரோ, "புகைக்காரன் எங்க? முனிவேலு எங்க போயிட்டான்?" என்று கத்திக்கொண்டு போனார்கள். முனிவேல் புகை மெஷின் ஓட்டுகிறவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் காணவில்லை. சத்யப்ரியாவுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. தன்னைத் தவிர இன்னொருவரையும் தேடித் திட்டுகிறார்களே.

அவள் மறுபடி கீழே இறங்கினாள். கதவு மூடியிருந்தது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் நிலையின் மேல் பட்டையைத் தட்டிக்கொண்டே வந்தாள். சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து இழுபட்டு, சாமந்தி மாலைக்குள் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

மாலையை விலக்கினாள். பெட்டியோடு பெட்டியாக, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளையார். கார் டேஷ்போர்டில் வைக்கிற வகை. அடியில் பலமான காந்தம். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம். ஸ்க்ரூடிரைவர் அவர் தோளில் சாய்ந்திருந்தது.

"அய்யோ" என்று சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது அவளுக்கு. எட்டிப் பிடுங்கப் போனாள்.

"தொடாத! கால்ல பூட்ஸோட சாமியத் தொடாத!"

கோவிந்தப்பனின் மனைவி வெங்கடம்மாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"அம்மா, இதாலதான் லிஃப்ட் ஓடல. அடியில காந்தம் இருக்கு. ஒரு ஜாண் தள்ளி வெச்சா போதும்."

"எங்க புள்ளையாரால லிஃப்ட்டு ஓடலையா? ஏம்மா, கிருஷ்ணகிரி டோல்கேட்டுகிட்ட எங்க காரு லாரில மோதி அப்பளமாட்டம் போச்சு. எங்களுக்கு ஒரு கீறல் இல்ல. அப்ப டேஷ்போர்டுல இருந்தவரு இவருதான். புது மெஷினாச்சே, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நான்தான் காலைல கொண்ணாந்து வெச்சன்."

"ரொம்ப நல்லதும்மா. அவரு அந்தச் செவுத்துல இருந்தும் காப்பாத்துவாரு. நீங்களே எடுத்து வைங்க."

வெங்கடம்மாள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவா? ராகு காலம் பொறந்தாச்சு. ஞாயித்துக்கெழம நாலரையிலருந்து ஆறு. ராகு காலத்துல சாமிய எடம் மாத்தறதா? ஆறு அடிக்கட்டும், நானே வந்து சூடம் காட்டி எடுக்கறன்."

"அம்மா, ஆறரைக்கு ஃபங்ஷன்."

"அதான் அர மணி நேரம் இருக்குதே."

சத்யப்ரியா மேலே வந்து படுதாவின் ஓரத்தில் இருந்த கன்ட்ரோல் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். ஒரு மாதம் உழைத்த பிறகு சாமியோடு சண்டை போட வேண்டி வரும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செய்தி அதற்குள் பரவியிருந்தது. கோவிந்தப்பன் வந்தார், பின்னால் அன்றைய வரவேற்பின் மாப்பிள்ளை ராஜ்குமார், அவனுடைய நண்பர்கள் கூட்டம். எல்லாரும் சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள். எல்லாருக்கும் மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

"அதான் கோளாறு இன்னான்னு தெரிஞ்சிடுச்சே" என்றார் கோவிந்தப்பன். "மெஷின்ல ஒண்ணுமில்ல. கதவு மூடிதான் இருக்குது, நானே பாத்தன். அப்பறம் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும்? அந்த செக்க எடுத்துட்டு ஒருவாட்டி எறக்கிக் காட்டும்மா. புள்ளைங்க ரிகர்சல் பாக்கணும்ங்கறாங்க."

"ஒரு லைன கமென்ட் பண்ணா போதும் மேடம், மெஷின் அதப் படிக்காமத் தாண்டிரும்" என்றான் நண்பர்களில் ஒருவன். "எங்க ஷாப்ல டெய்லி பண்றோம்."

"அதுகூட வேண்டாம், ரெண்டு ஒயர முறுக்கிவிட்டா முடிஞ்சது" என்றார் சுடலைமுத்து. உடனே சத்யப்ரியாவின் முகத்தைப் பார்த்து, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று பின்வாங்கினார்.

போன் மறுபடி அடித்தது. பூபதிதான். அவரிடமும் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். "காரணம் தெரிஞ்சப்பறமும் எதுக்கும்மா பிடிவாதம்? எடுத்துவுடு. நான் சொல்றேன்ல, என் பொறுப்பு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடக்கூட வேண்டியதில்லை. அதன் மேல் கோடு போட்டு அழிக்க ஒரு நொடி போதும். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. கோளாறு தெரிந்துவிட்டது. கதவு மூடியிருக்கிறது, பத்துப் பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இறக்கிக் காட்டினால் எல்லாரும் கைதட்டுவார்கள், கோயம்புத்தூர் அவளுடையது. விரல் விசைக்கு மேலே போய் நின்றது.

கல்யாணப் பெண் பிரவீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாதி அலங்காரம்தான் முடிந்திருந்தது, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி. அவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இது நடுவுல நிக்காதுல்ல? உள்ள ஒரே இருட்டா இருக்கும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குது."

சத்யப்ரியா அவளைப் பார்த்தாள். பிறகு கோவிந்தப்பனுக்குப் பின்னால் சூடத் தட்டோடு வந்து நின்ற வெங்கடம்மாளைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எரிச்சல் மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

"சரிங்க சார். இப்பவே எறக்கறேன். ராகு காலத்துல சாமிய ஒரு ஜாண் நகத்தக் கூடாது. ஆனா ராகு காலத்துல புது லிஃப்ட்ட மொத மொதலா எறக்கலாம், புதுசா கல்யாணம் ஆன ஜோடிய அதுல ஏத்தி ரிகர்சல் பாக்கலாம். அம்மா, நீங்களே சொல்லுங்க. எறக்கட்டுமா?"

வெங்கடம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அடக் கடவுளே! அதானே! ராகு காலத்துலயா இவுங்கள குழில எறக்கப் போறீங்க? ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"அதில்லடி, ரிகர்சல்தான..."

"ஆறு மணிவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பொத்தானத் தொடக்கூடாது. யார் தொடறாங்கன்னு பாக்கறன்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சுடலைமுத்து மட்டும் நின்று, "மேடம், ராகு காலம் எல்லாம் உங்களுக்கு நம்பிக்க உண்டா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு மட்டும் உண்டு" என்றாள் சத்யப்ரியா. மடிக்கணினியை மூடிவிட்டு, பூவளையக் கயிற்றை அவிழ்க்க ஏணி ஏறினாள்.

ஆறு அடித்ததும் வெங்கடம்மாள் சூடத்தோடு கீழே போனார். கூடவே சுடலைமுத்துவும். சத்யப்ரியா மேலே திரையைப் பார்த்தபடி நின்றாள். கோவிந்தப்பன் அவள் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கீழிருந்து மணிச்சத்தம் கேட்டது. "எடுத்துட்டன்!" என்று வெங்கடம்மாளின் குரல் கேட்டது.

திரையில் வரி மாறியது. ‘குழிக் கதவு திறந்திருக்கிறது.’

"சுடலை அண்ணா, கதவ மூடுங்க!"

"மூடித்தான் மேடம் இருக்கு!"

"திறந்திருக்குன்னு காட்டுதே!"

"ஆரம்பிச்சிடுச்சா?" என்று தலையில் கை வைத்தார் கோவிந்தப்பன். "இப்ப அடுத்ததா? உங்க மெஷினுக்கு எப்பதான் கண்ணு தெரியும்?"

சத்யப்ரியாவும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். தான் செய்த மெஷினைத் தானே எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, கைய வெச்சி அழுத்திப் பாருங்க" என்றாள்.

"ஒரு விரக்கடை இடுக்கு இருக்கு மேடம். அடியில என்னமோ ஒயர் போவுது..." அவர் பேச்சு நின்றது. கதவு கிரீச்சிட்டது. பிறகு இதுவரை அவரிடம் கேட்டிராத குரலில், "ஏ முனிவேலு! எந்திரிலே! லேய், எந்திரி!" என்று கத்தினார்.

சத்யப்ரியா படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினாள். லிஃப்ட்டின் மேல்தட்டுக்கு நேர் கீழே, சிமென்ட் தரையின் குளிர்ச்சியில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு முனிவேல் படுத்திருந்தார். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புகை மெஷின். அதன் ஒயரைக் கதவுக்கு அடியில் வெளியே இழுத்துவிட்டு, வெளிச்சம் வராமல் கதவையும் சாத்திவிட்டுத் தூங்கியிருந்தார். தட்டு இறங்கி நிற்கும்போது அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது.

"எத்தன மணிக்குய்யா உள்ள வந்த?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"சாப்ட்டுதான். மேல ஒரே இரைச்சலா இருந்துச்சி." முனிவேல் கண்ணைக் கசக்கினார். "ஏங்க, லிஃப்ட்டு ரெடியாயிடுச்சா?"

கதவு மூடியிருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்த கோவிந்தப்பன், அவள் பின்னால் இறங்கி வந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்யப்ரியா நிலையைப் பிடித்துக்கொண்டாள். விசைக்கு மேலே போய் நின்ற அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். எல்லாரையும், தன்னையும் சேர்த்து. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வெங்கடம்மாள்தான் முதலில் பேசினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. பிள்ளையாரை உள்ளங்கையில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா! காலைலருந்து லிஃப்ட்ட நகர வுடாம புடிச்சி வெச்சிருந்தாரு பாத்தீங்களா என் அப்பன்! ஒரு உசுரக் காப்பாத்திட்டாரு!"

சத்யப்ரியா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அவர எடுத்தது தப்பு" என்றார் கோவிந்தப்பன். "அங்கயே திரும்ப வெச்சிடு வெங்கடு."

"வேணாம்!" சத்யப்ரியாவின் அலறலில் முனிவேலுக்கு முழுத் தூக்கமும் கலைந்துவிட்டது. "சார், கையெடுத்துக் கும்புடறேன். எங்க வேணா வைங்க. செவுத்துல, மேடையில, என் தல மேல வைங்க. இந்த நிலையில மட்டும் வேணாம்."

ஒயரை வேறு துவாரத்தின் வழியாக விட்டு, கதவைச் சரியாக மூடி, திறந்து, மூடினார்கள். திரையில் பச்சை வந்தது. தட்டு முனகாமல் இறங்கியது. பிரவீனாவும் ராஜ்குமாரும் ஏறி நின்றார்கள். "நிக்காதுல்லக்கா?" என்று அவள் மறுபடி கேட்டாள். "நிக்க வேண்டிய எடத்துல மட்டும்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் சத்யப்ரியா. மேலே பொத்தானை அழுத்தச் சுடலைமுத்துவை அனுப்பியிருந்தாள்.

பூபதி கூப்பிட்டார். "ஏறுதாமே! சொன்னேன்ல, உன்னால முடியும்னு. கோயம்புத்தூருக்குக் கெளம்பற வேலையப் பாரு."

"போறேன் சார். ஆனா அங்க சொந்தக் காந்தத்த அடையாளம் தெரியற சுவிட்ச்தான் வாங்கணும். அது இல்லன்னா நவீனையே அனுப்பிக்குங்க."

"சரி, வாங்கிக்கலாம். இப்ப எங்க இருக்க? மேல வந்து பாக்கலையா? மொத்த ஜனமும் கைதட்டுது, போன்லயே கேக்குது."

கேட்கத்தான் செய்தது. தலைக்கு மேலே மேளமும் விசிலும் கைத்தட்டலும் அதிர்ந்தன. புகை நடுவே அந்த ஜோடி எழுந்து வருவதை அவள் ஒரு மாதமாகக் கற்பனை செய்து பார்த்திருந்தாள்.

"வர முடியாது சார்" என்றாள்.

எதிரே படியில் வெங்கடம்மாள் பட்டுப் புடவையை மடித்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் பிள்ளையார். அவர் பார்வை சத்யப்ரியாவின் தோளைத் தாண்டி, சாமந்தி மாலை தொங்கும் நிலையின் மேலேயே இருந்தது.

"கண்ணு, காலைலருந்து நீ ஒண்ணும் சாப்புடலையாமே" என்றார் அன்பாக. "பந்தி போட்டாச்சு. போயி சாப்ட்டு வா. நான் இங்க பாத்துக்கறன்."

"பசிக்கலம்மா" என்றாள் சத்யப்ரியா. கதவில் முதுகைச் சாய்த்து, இன்னும் நன்றாகக் காலை ஊன்றி நின்றுகொண்டாள்.